பால்டால் பாதையில் ஏறிய பெரும்பாரம்

ஆண்டுதோறும் ஆனி, ஆடி மாதங்களில் அமர்நாத் பனிலிங்க தரிசனத்திற்குச் செல்லும் அன்பர்கள் பலர், காஷ்மீரத்தின் சோனாமார்க் வழியாகப் பால்டால் முகாமை அடைகின்றனர். அங்கிருந்து குகைக்கோயில் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். நடையாகவும், மட்டக்குதிரையிலும், பல்லக்கிலும் அவ்வழி ஏறுவோர் ஈசன் திருநாமத்தைச் சொல்லிக்கொண்டே செல்வர்.

அதே பால்டாலில், தலைக்கு மேலே மற்றொரு பாதை மலையை வளைத்து வளைத்து ஏறுவதைக் காணலாம். எறும்புச் சாரைபோல் லாரிகள் அதில் ஊர்ந்துகொண்டிருக்கும். அதுவே 11,500 அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ள ஜோஜிலா கணவாய்க்குச் செல்லும் வழி. கணவாய்க்கு அப்பால் திராஸ், கார்கில், அவற்றையும் கடந்தால் லடாக்கின் தலைநகரான லே. அமர்நாதரின் வாயிலில் அமைந்த இந்த மலைப்பாதையில் 1948-ஆம் ஆண்டுக் குளிர்காலத் தொடக்கத்தில் ஏற்றப்பட்ட பாரத்தின் வரலாறு, அவ்வழி செல்லும் ஒவ்வொருவரும் அறியத்தக்கது.

அவ்வாண்டு கோடையில் கணவாய் பகைவர் வசமாயிற்று. லே நகருக்குச் செல்லும் தரைவழி அடைபட்டது. மே மாதத்திலேயே விமானப்படையின் மேஹர் சிங், தளபதி திம்மையாவை உடன் ஏற்றிக்கொண்டு, லேயில் மணல்வெளி ஒன்றில் விமானத்தை இறக்கிக் காட்டியிருந்தார். ஆயினும் ஒரு பிரதேசம் முழுவதையும் குளிர்காலம் நெடுக விமானத்தால் மட்டும் காப்பது எளிதன்று. பனி மூடிவிட்டால் மறு கோடை வரை கணவாய் திறவாது. செப்டம்பரில் காலாட்படை மேற்கொண்ட முயற்சிகள் கைகூடவில்லை. பாறை இடுக்குகளில் பதுங்கியிருந்த பகைவரின் துப்பாக்கிகளுக்கு எதிரே வெற்றுடம்புடன் ஏறுவது இயலாததாயிற்று.

அந்நிலையில் குடகு நாட்டைச் சேர்ந்த திம்மையா எடுத்த முடிவு, கேட்டவர்களைத் திகைக்க வைத்தது. அத்தனை உயரத்திற்கு டாங்கிகளைக் கொண்டு செல்வது என்பதே அது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15 டன் எடை. அவை ஜம்முப் பகுதியில் இருந்தன. இடையிலே பனிஹால் மலைத்தொடர். ஜவாஹர் சுரங்கப்பாதை திறக்கப்பட்டதோ 1956-இல்தான். ஆகவே பழைய மலைச்சாலையின் செங்குத்தான வளைவுகளே அன்று கதி. வழியில் இருந்த பாலங்களோ இத்தகைய சுமையை எண்ணிக் கட்டப்பட்டவை அல்ல.

பெரும்பாரத்தை நகர்த்துவோர் முதலில் செய்வது, அதனைப் பிரிக்கக் கூடுமா என்று பார்ப்பதே. டாங்கிகளின் மேற்கூண்டுகள் கழற்றப்பட்டு, லாரிகளில் தனியே ஏற்றப்பட்டன. எடை குறைந்தது, டாங்கி என்ற அடையாளமும் மறைந்தது. பாலங்கள் வந்தபோது கம்பிவடம் கட்டி மெல்ல இழுத்து அக்கரை சேர்த்தனர். ஆதிசங்கரரின் பெயர் தாங்கிய குன்று காவல் நிற்கும் ஸ்ரீநகரை, ஊரடங்கு விதித்து, இரவின் இருளில் கடந்தனர். பகைவர் காதுக்குச் செய்தி எட்டவில்லை.

நம் ஊர்த் தேரோட்டத்தைக் கண்டவர்களுக்கு இவ்வேலையின் தன்மையை விளக்க வேண்டியதில்லை. வடம் பிடிக்கும் ஆயிரம் கைகள் அனைவர் கண்ணிலும் படும். ஆனால் சக்கரத்தடியில் முட்டுக்கட்டையுடன் குனிந்து நிற்கும் சிலரே தேரைத் திருப்புகிறவர்களும் நிறுத்துகிறவர்களும் ஆவர். அவர்கள் கை ஒரு நொடி பிந்தினாலும் தேர் தன் வழியே போய்விடும். மலைச்சாலையில் பாரவண்டி ஓட்டுவதும் அத்தகையதே. ஏற்றத்தில் வண்டி பின்வாங்காதிருக்கச் சக்கரத்திற்குக் கல்லோ கட்டையோ கொடுக்க ஒருவர் உடன் நடக்க வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிச் செயலிழக்கும். தாழ்ந்த கியரில், எஞ்சினே வண்டியைப் பிடித்திழுக்குமாறு இறங்க வேண்டும். நீளமான சுமையாயின் கொண்டை ஊசி வளைவில் ஒரே மூச்சில் திரும்ப இயலாது. பாதாளத்தின் விளிம்பில் முன்னும் பின்னுமாக நகர்த்தித்தான் திருப்ப வேண்டும். விரைவு என்ற சொல்லுக்கே அங்கு இடமில்லை.

பால்டாலுக்கு மேலே சாலையே இல்லை. கோவேறு கழுதைகள் செல்லும் குறுகிய தடம் மட்டுமே இருந்தது. அதனை டாங்கி ஏறும் வழியாக மாற்றும் பொறுப்பு, மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியாளர் படையின் இரு பிரிவுகளிடம் ஒப்படைக்கப்பட்டது. 1780-இல் தோன்றிய தொன்மையான படை அது. அதன் வீரர்களைப் படையினர் அன்புடன் அழைக்கும் பெயரே ‘தம்பி’ என்பதாகும். பனியையே கண்டறியாத தென்னாட்டில் பிறந்த பிள்ளைகள், விரல் விறைக்கும் குளிரில் பாறையைத் தகர்த்தும், மண்ணை நிரப்பியும், தடத்தை அகலப்படுத்தியும் கணவாய்க்கு அப்பால் கும்ரி வரை வழி சமைத்தனர்.

வானிலை இடையூறு செய்தது, பனி பொழிந்தது. தாக்குதல் சில நாட்கள் தள்ளிப்போயிற்று. இறுதியில் 1948 நவம்பர் 1 அன்று மேற்கூண்டுகள் மீண்டும் பொருத்தப்பட்ட டாங்கிகள் கணவாயில் ஏறின. முன்னணி டாங்கியில் தளபதி திம்மையாவே அமர்ந்து சென்றார். அந்த உயரத்தில் டாங்கியை எவரும் எதிர்பார்க்கவில்லை. பகைவர் நிலைகுலைந்து மாட்டாயன் வரை பின்வாங்கினர். கணவாய் திறந்தது. நவம்பர் 24 அன்று, லேயிலிருந்து வந்த படையினரும் ஜோஜிலா வழியாகச் சென்றவர்களும் கார்கிலில் ஒன்றுசேர்ந்தனர். குளிர்காலம் முற்றுவதற்குள் லடாக் காக்கப்பட்டது.

இன்றும் அப்பாதையின் இயல்பு மாறிவிடவில்லை. கடும்பனிக் காலத்தில் கணவாய் மூடப்படுகிறது. அதற்கு முன்பே லடாக் மக்களுக்கும் எல்லைக் காவலர்களுக்கும் வேண்டிய அரிசி, மாவு, மண்ணெண்ணெய், மருந்து, கட்டுமான இயந்திரங்கள் யாவும் லாரிகளில் ஏறியாக வேண்டும். பாதை குறுகலானதால் ஏறும் வண்டிகளையும் இறங்கும் வண்டிகளையும் முறைவைத்தே விடுகின்றனர். டயர்களுக்கு இரும்புச் சங்கிலி பூட்டியும், டீசல் கெட்டிப்படும் குளிரில் எஞ்சினைப் பேணியும் ஓட்டுநர்கள் செல்கின்றனர். எல்லைச் சாலைகள் அமைப்பினர் மதில்போல் உயர்ந்த பனியை வெட்டி வழி திறக்கின்றனர். பால்டாலையும் மினாமார்கையும் இணைக்கும் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கப்பாதை அமைக்கப்பட்டு வருகிறது. அது நிறைவுற்றால் இந்த அச்சம் நீங்கும்.

அமர்நாத் யாத்திரைக்கு 70 வயதைக் கடந்தவர்களுக்கு அனுமதி இல்லை; ஏனையோருக்கும் மருத்துவச் சான்று கட்டாயம். எனினும் 2025 ஜனவரியில் சோனாமார்க் சுரங்கப்பாதை திறக்கப்பட்டதால், முதியவர்களும் சோனாமார்க் வரை இடையூறின்றிச் சென்று, பனிமலைகளை நோக்கிக் கைகூப்பி வரலாம்.

திருத்தலப் பயணத்தில் நம் கால்கள் ஏறும் ஒவ்வொரு படியும் முன்னொருவர் சமைத்தது. பாரம் இழுத்தவர்களின் பெயர்கள் கல்வெட்டில் இல்லாதிருக்கலாம். தேருக்கு முட்டுக்கட்டை இடுபவரின் பெயரும் எங்கும் பொறிக்கப்படுவதில்லை. தேர் நிலைக்கு வந்து சேர்வதே அவர்களுக்குரிய பெருமை. பனிலிங்கப் பெருமானிடம் நம் குடும்ப நலத்தை வேண்டும்போது, எதிர் மலையில் விளக்கொளி மட்டும் தெரிய இரவில் ஊர்ந்து செல்லும் அந்த வண்டிகளுக்காகவும் ஒரு கணம் வேண்டிக்கொள்வது, அவ்வழி செல்வோர் யாவருக்கும் உரிய கடமையாகும்.