முன்னத்தி ஏர் பிடித்தவர் யார்?
வீட்டுப் பத்திரங்களிலிருந்து ஒரு வரலாற்றுப் பாடம்

"உங்கள் குடும்பத்தில் இந்த ஊர் மண்ணை முதலில் உழுதவர் யார்?" எட்டாம் வகுப்பில் இப்படிக் கேட்டால் பெரும்பாலான பதில்கள் தாத்தாவோடு நின்றுவிடும். "பாட்டனுக்குப் பாட்டன் காட்டை வெட்டித் திருத்தினாராம்" என்று ஓரிருவர் சொல்லலாம். பெயரும் ஆண்டும் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. அதே வீட்டு டிரங்குப் பெட்டியில் கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், அடமானப் பத்திரம், தீர்வை ரசீது என்று மடித்துவைத்த தாள்கள் இருக்கக்கூடும். அவற்றைப் படிக்கக் கற்றுக்கொடுத்தால், முதன்மைச் சான்று என்றால் என்ன என்பதை மாணவர்கள் சொந்த வீட்டிலேயே தெரிந்துகொள்வார்கள்.

தெரிந்தவரிலிருந்து பின்னோக்கி

தேடலை இன்று உயிரோடு இருப்பவரிடமிருந்து தொடங்க வேண்டும். பாட்டி சொல்லும் பெயர்களை முதலில் எழுதிக்கொண்டு, பிறகு தாள்களைப் பிரிக்கலாம். நம் வழக்கத்தில் தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பதுண்டு. 'பெயரன்' என்ற சொல்லே அதைத்தான் குறிக்கிறது. ஆகவே ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்ப வரும். பத்திரத்தில் பெயரை மட்டும் பார்த்து இவர்தான் நம் முன்னோர் என்று முடிவு செய்துவிடக் கூடாது. 'இன்னார் குமாரர் இன்னார்' என்ற தொடரில் உள்ள தகப்பன் பெயர், ஊர், நிலத்தின் எண் ஆகிய மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

ஆண்டைக் கண்டுபிடிக்கும் கணக்கு

பழைய தாள்களில் ௵ என்பது வருடம், ௴ மாதம், ௳ நாள், ௸ மேற்படி. ஆண்டு பெரும்பாலும் தமிழ் வருடப் பெயராகவோ பசலியாகவோ இருக்கும். தமிழ் வருடப் பெயர் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வருவதால் அது மட்டும் போதாது. 'ஆங்கிரச' 1872-73ஆகவும் இருக்கலாம், 1932-33ஆகவும் இருக்கலாம்.

இங்கே பசலி உதவும். பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும். ஜூலை முதல் டிசம்பர் வரையிலான தேதிக்குப் பசலியோடு 590ஐயும், ஜனவரி முதல் ஜூன் வரையிலான தேதிக்கு 591ஐயும் கூட்ட வேண்டும். ஒரு ரசீதில் 'பசலி 1342, ஆங்கிரச வருடம், ஐப்பசி' என்றிருந்தால் 1342 + 590 = 1932. ஐயத்துக்கு இடமில்லை. ஆறாம் வகுப்பு மாணவரே போட்டுவிடக்கூடிய கணக்கு இது.

அளவுகளும் அப்படியே. 100 சென்ட் ஓர் ஏக்கர். ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ 2.47 ஏக்கர். தஞ்சைப் பகுதிப் பத்திரங்களில் குழி, மா, வேலி வரும். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. 144 சதுர அடியை ஒரு குழியாகக் கொண்டால் ஒரு வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர்.

சொத்து விவரம் சொல்லும் கதை

பத்திரத்தின் கடைசியில் வரும் சொத்து விவரத்தை யாரும் பொறுமையாகப் படிப்பதில்லை. தேடுபவருக்கு உண்மையில் அதுதான் புதையல். முதல் பத்திரத்தில் 'புஞ்சை' என்று மட்டும் இருக்கிறது. அடுத்த தலைமுறையின் பாகப்பிரிவினையில் அதே நிலத்தோடு 'கிணற்றில் நான்கில் ஒரு பங்கும் கமலைப் பாத்தியமும்' வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பத்திரங்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் யாரோ கிணறு வெட்டியிருக்கிறார்கள். மானாவாரி நிலம் பாசன நிலமாகியிருக்கிறது. 'தரிசு' என்ற சொல் மறைந்து 'புஞ்சை' வந்தால், அந்த இடைவெளியில்தான் முன்னத்தி ஏர் ஓடியிருக்க வேண்டும். நான்கெல்லையில் உள்ள பெயர்கள் அன்றைய பக்கத்து நிலத்துக்காரர்களைக் காட்டும். அவர்களின் வாரிசுகள் ஊரில் இருந்தால் அவர்களிடமும் விசாரிக்கலாம்.

அலுவலகப் பதிவேடுகள்

வீட்டில் தாள் இல்லாவிட்டாலும் வழி உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தின் வில்லங்கச் சான்று, ஒரு நிலத்தின் மீது பதிவான பரிமாற்றங்களைக் காட்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேடும், பருவந்தோறும் என்ன பயிர் என்று எழுதும் அடங்கலும் இருக்கும். 1979இல் தொடங்கிய நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பல நிலங்களின் எண்கள் மாறின. அதற்கு முந்தைய பத்திரத்தைத் தேடும்போது பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைத்துப் பார்க்க வேண்டும். இன்னும் பழைய வருவாய்த்துறை ஆவணங்கள் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

பத்திரத்தில் பெயர் இல்லாதவர்கள்

பாடத்தின் உயிர்ப்பகுதி இதுதான். பத்திரமும் பட்டாவும் நிலத்துக்கு உரியவரின் பெயரைச் சொல்கின்றன. உழுதவரின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு இல்லை. ரயத்துவாரி முறையில் தீர்வை கட்டியவர் பெயரே அரசுக் கணக்கில் ஏறியது. குத்தகைக்கு உழுதவர், பண்ணையில் உழைத்தவர், நாற்று நட்ட பெண்கள் அந்தக் கணக்கில் இல்லை.

அவர்களையும் தேட முடியும். குத்தகை உரிமைகளைப் பதிவுசெய்ய 1969இல் சட்டம் வந்தது. அதன்படி உருவான பதிவேடுகளில் குத்தகைதாரர் பெயர் உண்டு. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்களின் பதிவுகளும் உள்ளன. 1989ஆம் ஆண்டுத் திருத்தம் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை தந்தது. அதற்கு முன்னும் பின்னும் எழுதப்பட்ட பாகப்பிரிவினைகளை ஒப்பிட்டால் பெண்களின் பெயர் எப்போது நுழைகிறது என்பது தெரியும். நம் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டில் பெற்றோரின் தொழில் குறிக்கப்பட்டிருந்தால் அதுவும் ஒரு சான்றே.

எந்தத் தாளும் இல்லாத வீட்டில் பாட்டியின் நினைவே ஆவணம். எந்த வயலில், யாரிடம், என்ன கூலிக்கு வேலை செய்தார் என்று மாணவர் கேட்டு எழுதி, தேதியிட்டு வைத்தால், அந்தக் குடும்பத்தின் முதல் எழுத்துப் பதிவு அதுவாகவே இருக்கலாம்.

வகுப்பறையில் கவனிக்க வேண்டியவை

• மூலப் பத்திரத்தைப் பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்லக் கூடாது. பெற்றோர் சம்மதத்துடன் ஒரு பக்க நகல் போதும்.
• பழைய பத்திரங்களில் பெயரோடு சாதியும் எழுதப்பட்டிருக்கும். அதை மறைத்த பிறகே நகலை வகுப்பில் காட்ட வேண்டும். சேர்க்கைப் பதிவேட்டை ஆசிரியரே பார்த்து, தேவையான விவரத்தை மட்டும் சொல்ல வேண்டும்.
• யார் வீட்டில் எத்தனை ஏக்கர் என்ற பேச்சுக்கு இடம் தரக் கூடாது. 'என் முன்னோர் என்ன பயிர் செய்தார், எந்த வேலையில் தேர்ந்தவர்' என்று கேட்டால் நிலமில்லாத வீட்டுக் குழந்தையும் தலைநிமிர்ந்து பதில் சொல்லும்.
• வழக்கு, பங்குத் தகராறு உள்ள சொத்தைத் தவிர்த்துவிடலாம்.
• 4, 5 வகுப்புகளுக்கு மூன்று தலைமுறை உறவு மரம். 6 முதல் 8 வரை பசலி, அளவுக் கணக்கு. 9, 10 வகுப்புகளுக்கு ஒரே செய்தியைப் பத்திரத்திலும் பாட்டியின் பேச்சிலும் ஒப்பிட்டு, எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே வேறுபடுகின்றன என்று எழுதும் பயிற்சி.

மாணவர்கள் கொண்டுவரும் பதில்களைச் சேர்த்து ஊர் வரைபடத்தில் குறித்தால், எந்தக் கிணறு எப்போது வந்தது, எந்தத் தரிசு எப்போது வயலானது, அதை யார் பேரில் எழுதினார்கள், யார் உழுதார்கள் என்பதெல்லாம் ஒரே தாளில் தெரியும். கிராமத்துக்கென்று எழுதப்பட்ட வரலாறு இல்லாத இடங்களில், அந்த வரைபடத்தைப் பள்ளி நூலகத்தில் பாதுகாத்து வைக்கலாம்.