பழைய நூல்களில் வரும் 'சக்காய்': யாரைக் குறிக்கும் சொல்?



பழைய மலாயாவைப் பற்றிய கதைகளையும் பயண நூல்களையும் வாசிக்கும்போது 'சக்காய்' என்ற சொல் கண்ணில் படும். இன்றைய மாணவர்களுக்கு அது புரியாது. "இது ஊர்ப் பேரா சார், சாதிப் பேரா?"ன்னு கேட்பாங்க.

இரண்டும் இல்லை. தீபகற்ப மலேசியாவின் பூர்வக்குடி மக்களுக்கு மற்றவர்கள் வைத்த பெயர் அது. மலாயில் அச்சொல்லுக்கு 'அடிமை', 'பிறருக்குக் கட்டுப்பட்டவர்' என்ற பொருள்கள் இருந்தன. ஆங்கிலேய அதிகாரிகள் அதை அப்படியே எடுத்து இனப் பெயராக எழுதினர். ஸ்கீட், பிளாக்டன் இருவரும் 1906-இல் இரு தொகுதிகளாக வெளியிட்ட ஆய்வு நூலிலும் அது ஓர் இனப்பிரிவின் பெயராகவே வருகிறது. ஏளனச் சொல் இப்படித்தான் ஆய்வுச் சொல்லாக மாறியது.

அந்த மக்களோ தங்கள் மொழியில் 'செனோய்' என்றார்கள். அதற்கு 'மனிதர்' என்று பொருள்!

1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், காட்டில் வாழ்ந்த இம்மக்களின் ஆதரவு அரசுக்கும் தேவைப்பட்டது, கம்யூனிஸ்டுகளுக்கும் தேவைப்பட்டது. இழிவாக அழைத்துக்கொண்டே ஆதரவு கேட்க முடியுமா? பின்னர் 'ஓராங் அஸ்லி' என்பது அதிகாரப்பூர்வப் பெயரானது. 'ஓராங்' என்றால் மனிதர். 'அஸ்லி' என்றால் மூலமான. நாம் 'அசல்' என்கிறோமே, அதுவும் இதே அரபு வேரிலிருந்து வந்ததுதான்.

"வெறும் சொல்தானே" என்று ஒரு மாணவர் சொன்னால், 'கெலிங்' என்ற சொல்லை நினைவுபடுத்துங்கள். கலிங்க நாட்டுப் பெயரிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் அச்சொல், இன்று நம்மைச் சுடுகிறது. அதுபோலத்தான் அவர்களுக்கும் இது.

தேர்வில் என்ன செய்யலாம்?

1. மூல நூலின் வரியைக் காட்டும்போது சொல்லை மாற்றாதீர்கள். மேற்கோள் குறிக்குள் எழுதி, அக்காலத்து வழக்கு என ஒரு வரி சேருங்கள். எழுதியவரின் பார்வையை அச்சொல்லே காட்டிக்கொடுக்கும்.

2. உங்கள் சொந்த வாக்கியத்தில் 'பூர்வக்குடி மக்கள்' அல்லது 'ஓராங் அஸ்லி' என எழுதுங்கள்.

3. அவர்களில் 18 பிரிவினர் உள்ளனர். எந்தப் பிரிவினர் எனத் தெரிந்தால் செமாய், தெமியார், மா மெரி என்று பெயர் சொல்லியே எழுதுங்கள். அதுதான் சிறப்பு.

ஒருவேளை உங்கள் வகுப்பிலேயே ஓர் ஓராங் அஸ்லி பிள்ளை உட்கார்ந்திருக்கலாம். அந்தப் பிள்ளை தலைகுனியாதபடி இப்பாடத்தை நடத்துங்கள், ஆசிரியர்களே.