எச்.ஐ.வி. உள்ளவர்களைத் தாக்கும் காசநோய்

நம் நாட்டில் எச்.ஐ.வி. கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-ம் ஆண்டில். டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் சென்னையில் சேகரித்த இரத்தம் வேலூரில் சோதிக்கப்பட்டு, அவ்வுண்மை வெளியாயிற்று. அன்று இதற்குத் தக்க மருந்து இல்லை. 2004-ம் ஆண்டு முதல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அதனைத் தவறாது உட்கொள்வோர் வயல் வேலை செய்து, மக்களைப் படிக்க வைத்து நெடுங்காலம் வாழ்கின்றனர். ஆயினும், உலகெங்கும் இவர்களுடைய மரணத்துக்கு முதற் காரணமாக இன்றும் நிற்பது காசநோயே.

இதன் காரணம் யாது? காசநோய்க் கிருமி நம்மில் பலருடைய உடலில் உறங்கிக் கிடக்கிறது. அதை அடக்கி வைப்பவை சி.டி.4 என்னும் வெள்ளணுக்கள். எச்.ஐ.வி. அவற்றையே அழிக்கிறது. வேலி சாய்ந்த கொல்லையில் மாடு புகுவதற்கு நேரமாகுமா?

மற்றவர்களுக்கு இரண்டு வாரம் இருமல் நீடித்தால் சோதனை செய்வது வழக்கம். எச்.ஐ.வி. உள்ளவர்களோ ஒரு நாள் இருமினாலும் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல், உடல் மெலிவு, இரவில் வியர்த்தல் இவற்றுள் ஒன்று இருப்பினும் அவ்வாறே. இவர்களுடைய சளியில் கிருமிகள் குறைவாதலின் நுண்ணோக்கிக்குத் தப்பிவிடும். எக்ஸ்ரே படமும் சில சமயம் குறையின்றித் தோன்றும். நோய் கழுத்துக் கட்டிகளிலோ மூளை உறையிலோ மறைந்திருப்பதும் உண்டு. ஆகவே சிபிநாட் என்னும் கருவியில் சோதிக்கிறார்கள். சுமார் இரண்டு மணி நேரத்தில் முடிவு தெரியும். ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதும் உடன் விளங்கும். கடையில் இருமல் மருந்து வாங்கிக் குடித்துக் காத்திருப்பதே பெருங்கேடு என்பது நமது கருத்து.

மருந்துக்குக் கட்டுப்படும் நுரையீரல் காசநோய்க்குச் சிகிச்சை ஆறு மாதம். கூட்டு மருந்தை இன்னும் தொடங்காதவருக்கு முதலில் காசநோய் மருந்து தந்து, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அதையும் தொடங்குவர். மூளை உறைக் காசநோயில் மட்டும் சில வாரம் தாமதிப்பர். இரு மருந்துகளையும் பற்றி இரு மருத்துவர்களுக்கும் தெரிவித்தல் அவசியம். ஏனெனில் ரிஃபாம்பிசின், டொலுடெகிராவிர் மருந்தின் வலுவைக் குறைப்பதால் அதனை இரு வேளை கொடுக்க நேரும். தொடக்கத்தில் சிலருக்குக் காய்ச்சலும் கட்டியும் மிகும். எதிர்ப்புச் சக்தி மீள்வதால் இது நேரலாம். மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். காசநோய் இல்லாதவர்க்கும் தடுப்பாக ஐசோநியசிட் ஆறு மாதம் தரப்படுகிறது.

இனி, பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருவருக்கு எச்.ஐ.வி. உண்டென்பதை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஊர்ப் பேச்சுக்கு அஞ்சியே பலர் சோதனைக்குச் செல்லாதிருக்கின்றனர். காசநோயாளிகளின் சத்துணவுக்காக 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. கணக்கு இல்லாதவர்க்கு அதைத் திறந்து கொடுக்கப் பஞ்சாயத்து உதவலாம், அதற்கு எச்.ஐ.வி. பற்றி எதுவும் வினவ வேண்டியதில்லை.