ஃபீவர் என்னும் ஒரு சொல்

சென்ற கோடை விடுமுறையில் நமது பங்கைச் சேர்ந்த பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், ஆங்கிலப் பயிற்சி ஏட்டுடன் பங்கு இல்லத்திற்கு வந்தான். 1849-ஆம் ஆண்டில் கலிபோர்னியா நாட்டில் தங்கக் காய்ச்சல் பரவியது என்று ஒரு வாக்கியத்தை மொழிபெயர்த்திருந்தான். "சாமி, தங்கத்தால காய்ச்சல் வருமா?" என்று கேட்டான். சிரித்துவிட்டோம். ஆயினும் அவன் கேள்வி நம்மை விட்டபாடில்லை. 'ஃபீவர்' என்னும் ஆங்கிலச் சொல்லை நம் வீடுகளில் எல்லாரும் நாள்தோறும் சொல்கிறோம். அது உடலின் சூட்டைக் குறிக்கிறதா, நோயைக் குறிக்கிறதா என்று யாரும் நின்று கேட்பதில்லை.

குருமடத்தில் இலத்தீன் கற்றவர்களுக்கு இச்சொல் பழைய நண்பன். 'ஃபெப்ரிஸ்' என்னும் இலத்தீன் சொல்லே பழைய ஆங்கிலத்தில் 'ஃபெஃபர்' என நுழைந்து, இன்று 'ஃபீவர்' என வழங்குகிறது. பண்டைய உரோமையர் காய்ச்சலுக்கு அஞ்சி அதை ஒரு தேவதையாகவே கருதினர். பலத்தீன் குன்றின்மேல் அதற்குக் கோயிலும் கட்டினர். கிரேக்கர்களோ அதைப் 'பிரெத்தோஸ்' என்றனர். நெருப்பு என்னும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. இராயப்பரின் மாமியார் படுத்திருந்ததைக் கூறும் நற்செய்தியில் வருவதும் இந்த நெருப்புச் சொல்தான். மற்ற நற்செய்தியாளர் வெறுமனே காய்ச்சல் என்றிருக்க, லூக்காஸ் மட்டும் அதைப் பெருங்காய்ச்சல் என்கிறார். அவர் மருத்துவர் என்பது மரபு.

சொல் இங்ஙனம் சூட்டையே குறித்துப் பிறந்தது. ஆனால் நோயின் காரணம் தெரியாத காலத்தில், சூடு கண்ட நோய்க்கெல்லாம் ஆங்கிலேயர் இந்தப் பெயரையே ஒட்டினர். மேனி மஞ்சளானால் மஞ்சள் ஃபீவர். செந்தடிப்பு எழும்பினால் செந்நிற ஃபீவர். முதல் உலகப் போரில் பதுங்கு குழிகளில் பேன்களால் படைவீரர்களுக்கு வந்தது குழிக் ஃபீவர். இவற்றுள் நம்மை வியக்க வைப்பது 'ஹே ஃபீவர்', அதாவது வைக்கோல் காய்ச்சல். 1819-இல் ஜான் பாஸ்டாக் என்னும் ஆங்கில மருத்துவர், தமக்கே கோடைதோறும் கண் அரித்து, மூக்கு ஒழுகி, தும்மல் அடுக்கடுக்காய் வருவதை விவரித்து எழுதினார். அதற்குக் காரணம் வைக்கோல் அன்று, புல்லின் மகரந்தத் தூளே என்பதை 1873-இல் சார்லஸ் பிளாக்லி என்பவர் காட்டினார். அந்த நோயில் உடற்சூடும் ஏறுவதில்லை. வைக்கோலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது!

மனத்தின் சூட்டிற்கும் இச்சொல்லை ஆங்கிலேயர் கடன் கொடுத்தனர். 1848 சனவரியில் கலிபோர்னியாவில் ஓர் ஆற்றோர மர ஆலையில் பொன் துகள் கண்டெடுக்கப்பட்டதும், உழவர் கலப்பையையும் மாலுமிகள் கப்பலையும் விட்டு ஓடினர். அதுவே நம் மாணவனின் தங்கக் காய்ச்சல். பொன் மோகம் என்று எழுதச் சொன்னோம். தமிழிலோ கதை வேறு. 'அவனுக்கு என்மேல் காய்ச்சல்' என்றால் பொறாமை என்று பொருள். ஆங்கிலேயரின் காய்ச்சல் ஆசையிலும், நமது காய்ச்சல் எரிச்சலிலும் போய் முடிந்திருக்கிறது. தேர்தல் ஜுரம், கிரிக்கெட் ஜுரம் என்று நம் நாளேடுகள் எழுதுவது ஆங்கிலத்தைப் பார்த்து வந்த பழக்கமேயன்றி நம் பாட்டிமார் சொன்னதன்று.

இவையெல்லாம் சொல் விளையாட்டு. ஆனால் ஒரு பெயரை விளக்கமாக எடுத்துக்கொண்டதால் தாய்மார் ஆயிரக்கணக்கில் மாண்ட வரலாறும் உண்டு. பேறுகாலக் காய்ச்சல் என்னும் நோயைப் பற்றியது அது. வியன்னா நகரின் பொது மருத்துவமனையில் இரு பேறுகாலப் பிரிவுகள் இருந்தன. 1846-இல் மருத்துவ மாணவர் பணியாற்றிய முதற் பிரிவில் 4,010 பேறுகளில் 459 தாய்மார் இறந்தனர். மருத்துவச்சிகள் பணியாற்றிய இரண்டாம் பிரிவில் 3,754 பேறுகளில் 105 பேரே இறந்தனர். காரணம் கேட்டால் 'ஃபீவர்' என்பதே விடை. காற்றில் பரவும் ஏதோ ஒன்று என்றனர். ஒரே கூரையின் கீழ் காற்று எப்படி ஒரு பிரிவை மட்டும் பிடிக்கும்?

இக்கேள்வியைக் கேட்டவர் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் இளம் அங்கேரிய மருத்துவர். அவர் சோதித்துப் பார்த்தவற்றுள் நம்மைப் போன்ற குருக்கள் சங்கடத்துடன் படிக்கவேண்டிய ஒன்றும் உண்டு. சாகக் கிடப்போர்க்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்கச் செல்லும் குரு, மணியோசை முன்செல்ல, முதற் பிரிவின் அறைகளைக் கடந்தே போகவேண்டியிருந்தது. மணியோசை கேட்ட அச்சமே மற்ற தாய்மாரைக் கொல்கிறதோ என்று செம்மல்வைஸ் ஐயுற்றார். குருவை வேறு வழியாக, மணியின்றி வரும்படி வேண்டிக்கொண்டார், அவரும் இசைந்தார். சாவு குறையவில்லை.

1847-இல் அவருடைய நண்பரான பேராசிரியர் ஒருவர், பிணச் சோதனையின்போது கத்தி பட்டு, அதே குறிகளுடன் இறந்தார். உண்மை அப்போது விளங்கிற்று: பிணச் சோதனை செய்த கையோடு மாணவர்கள் தாய்மாரைத் தொட்டார்கள். குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தார் செம்மல்வைஸ். 1848-இல் முதற் பிரிவில் 3,556 பேறுகளில் 45 பேரே இறந்தனர். ஆயினும் மருத்துவ உலகில் பலர் அவரை ஏற்கவில்லை. 1865-இல் மனநோய் விடுதியில் மாண்டார்.

சூடு நோயன்று, நோயின் அடையாளமே என்று செருமானிய மருத்துவர் வுண்டர்லிக் 1868-இல் தம் நூலில் நிலைநாட்டினார். ஆயிரக்கணக்கான நோயாளரின் சூட்டை அளந்து, 37 டிகிரி செல்சியஸ் என்னும் கணக்கை அவர் நமக்குத் தந்தார்.

அது நடந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகிவிட்டதே என்று எண்ணியிருந்தோம். சென்ற ஐப்பசி மழையில் அந்த மாணவனின் வீட்டிற்கே போக நேர்ந்தது. அவன் தங்கைக்கு நான்கு நாள் கடுங்காய்ச்சல். அன்று காலை தாயின் முகம் மலர்ந்திருந்தது. "ஃபீவர் விட்டுருச்சு சாமி, உடம்பு சில்லுன்னு ஆயிருச்சு. பிள்ளைதான் எந்திரிக்க மாட்டேங்குது" என்றார். பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகிற்று. விடியலிலிருந்து மூன்று முறை வாந்தி. உபதேசியார் தெருவிற்கு ஓடி ஆட்டோ பிடித்து வந்தார்.

டெங்கு என்று மருத்துவர் கண்டார். இந்நோயில் ஆபத்தான வேளை பெரும்பாலும் சூடு தணியும்போதுதான் தொடங்குகிறது என்று அவர் விளக்கினார். மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரையில், சூடு இறங்கும் சமயத்தில், இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து கசியக்கூடும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, பல் ஈறில் இரத்தம், சோர்வு அல்லது அமைதியின்மை ஆகியவை தோன்றினால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. சூட்டிற்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் மாத்திரைகள் இரத்தக் கசிவை வளர்க்கும். ஃபீவர் விட்டதென்று அந்தத் தாய் சொன்னது பொய்யன்று. சூடு விட்டது, நோய் விடவில்லை. இரண்டிற்கும் ஒரே சொல்.

ஆறாம் நாள் பிள்ளை வீடு திரும்பிற்று. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அண்ணன்காரன் ஏட்டுடன் மறுபடி வந்து நின்றான். மருத்துவமனையில் செவிலியர் ஒருவர், தங்கைக்கு 'டெம்பரேச்சர் இல்லை' என்றாராம். பிணத்திற்குங்கூட ஏதோ ஒரு டெம்பரேச்சர் இருக்குமே சாமி, இல்லையென்பது எப்படிச் சரி என்று கேட்டான். இலத்தீனில் அச்சொல்லுக்கு அளவான கலவை என்று பொருள், ஆங்கிலேயர் பேச்சு வழக்கில் அளவு மீறிய சூட்டிற்கே அதைச் சொல்லிப் பழகிவிட்டனர் என்றோம். அவனுக்கு நிறைவில்லை. ஏட்டில் ஒரு கேள்விக்குறியைப் போட்டுக்கொண்டு போனான்.