திருச்சூர் தந்த கறுப்பு மான்

கிரிக்கெட் ஆட்டக்காரர் ஒருவரின் பெயரைச் சொன்னால், அவர் எந்த ஊரில் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்பதை நம் வகுப்பில் பத்துப் பேராவது தூக்கத்திலும் சொல்லிவிடுவர். ஐ.எம். விஜயன் என்று சொல்லிப் பாருங்கள். “சினிமாவில் வில்லனாக வருவாரே, அவரா?” என்ற கேள்விதான் முதலில் வரும். ஆம், அவர்தாம். ‘திமிரு’ (2006), ‘கொம்பன்’ (2015), ‘பிகில்’ (2019) ஆகிய படங்களில் நாம் பார்த்த அதே மனிதர்தாம். ஆனால் அவர் நடிக்க வந்தது காலில் இருந்த பந்தை இறக்கி வைக்கும் காலத்தில்! அதற்கு முந்திய பதினைந்து ஆண்டுகளைப் பற்றியே இங்குச் சிறிது எழுத விரும்புகிறேன்.

எங்கள் கிணத்துக்கடவிலிருந்து திருச்சூர் அப்படி ஒன்றும் தொலைவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் ஊர்த் தென்னைகளை ஆட்டிவிட்டுத்தான் கிழக்கே போகிறது. ஆனால் அந்தப் பக்கத்துக் கால்பந்துப் பித்து மட்டும் கணவாயைத் தாண்டி முழுமையாக வந்து சேரவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

விஜயன் பிறந்தது 1969 ஏப்ரல் 25இல். வறுமை மிகுந்த குடும்பம். சிறுவனாக இருந்தபோது திருச்சூர் நகராட்சி விளையாட்டரங்கில், ஆட்டம் பார்க்க வந்தவர்களுக்குச் சோடா விற்றார். புட்டிக்குப் பத்துப் பைசா கிடைக்கும். சோடா விற்றபடியே ஆட்டத்தையும் பார்த்தார். பின்னர்ப் பயிற்சியாளர் டி.கே. சாத்துண்ணியின் கீழ் பயிற்சி பெறும் வாய்ப்பு வந்தது. 1987இல், பதினெட்டு வயதுப் பருவத்தில், கேரளப் போலீஸ் அணியில் சேர்ந்தார்.

போலீஸ் அணியா என்று சிலர் வியக்கலாம். அக்காலத்து இந்தியக் கால்பந்தின் அமைப்பு அப்படி. கல்கத்தாவின் பெரிய கழகங்களையும் கோவாவின் சில அணிகளையும் தவிர்த்தால், ஆட்டக்காரனுக்குச் சோறு போட்டவை இரயில்வே, வங்கி, போலீஸ், ஆலை முதலிய நிறுவனங்களே. ஆட்டத்திறமைக்காக வேலை கொடுப்பார்கள், வேலைக்காக ஆடவேண்டும். ஆட்டம் ஓய்ந்த பின்னும் சம்பளம் நிற்காது. விஜயனின் கதையைப் புரிந்துகொள்ள இந்த ஒன்று மிகவும் முக்கியம்.

அந்தப் போலீஸ் அணிதான் 1990இல் பெடரேஷன் கோப்பையை வென்றது. நாட்டின் சிறந்த கழகங்கள் மோதும் போட்டி அது. கேரளத்து அணி ஒன்று அதை வென்றது அதுவே முதல் முறை. இறுதியாட்டம் நடந்த ஊர் திருச்சூர்! சோடா விற்ற பையன் அதே ஊர் மக்கள் முன்னிலையில் வெற்றி அணியில் நின்றான் என்றால், திரைக்கதை எழுதுவோர்கூடச் சற்றுத் தயங்கித்தான் இப்படி எழுதுவர். மறு ஆண்டும் அவ்வணியே கோப்பையை வென்றது. அந்த அணியில் விஜயனுடன் ஆடிய வி.பி. சத்யனின் தலைமையில்தான் 1992இல் கேரள மாநில அணி சந்தோஷ் கோப்பையை வென்றது. அது நடந்த இடம் நம் கோயம்புத்தூர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? கேரளம் அதற்கு முன் 1973இல் ஒருமுறைதான் சந்தோஷ் கோப்பையை வென்றிருந்தது. அப்போது அதன் பயிற்சியாளராக இருந்தவர் ஒரு தமிழர்: 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக இந்தியாவின் கோலை அடித்த சைமன் சுந்தரராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசிக் கோல் இன்றுவரை அதுவே.

முன்கள ஆட்டக்காரன் என்பவன் என்ன செய்கிறான்? கோல் அடிக்கிறான் என்பது பாதி விடைதான். தொண்ணூறு நிமிடத்தில் அவன் காலில் பந்து இருப்பது சில நிமிடங்களே. மீதி நேரமெல்லாம் எதிரணிப் பின்களக்காரரின் பார்வைக்கு அப்பால் நழுவுவதும், இடம் மாறி நிற்பதும், பந்து எங்கு வரும் என்று முன்கூட்டியே கணிப்பதும்தான் அவன் வேலை. எங்கள் ஊர் மைதானத்தில் பின்களத்தில் ஆடுபவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: பந்தோடு வரும் முன்களக்காரனுக்கு நான் பயந்ததில்லை, பந்தில்லாமல் என் முதுகுப்புறம் போய் நிற்பவனுக்குத்தான் பயம். விஜயன் இரண்டிலும் வல்லவர். அவருடைய வேகத்தையும் துள்ளலையும் கண்டு இரசிகர்கள் வைத்த பெயர்தான் ‘கறுப்பு மான்’.

இந்தக் கலைக்கு ஒரு சான்று போதும். 1999இல் காத்மாண்டுவில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில், பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய 12ஆம் வினாடியில் கோல் அடித்தார். சர்வதேச ஆட்டங்களில் மிக விரைவாக அடிக்கப்பட்ட கோல்களுள் அது ஒன்று. நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் உருமாலை உதறிக் கட்டி முடிப்பதற்குள் பந்து வலைக்குள் போய்விட்டது!

இனி அந்த வேலை விஷயத்துக்கு வருகிறேன். 1991இல் விஜயன் போலீஸ் அணியை விட்டுக் கல்கத்தாவின் மோகன் பகானுக்குச் சென்றார். மறு ஆண்டு திரும்பி வந்தார். 1993இல் மீண்டும் சென்றார். ஏழைக் குடும்பத்தில் பிறந்தவன் கையில் கிடைத்த அரசாங்க வேலையை விட்டுப் பந்தின் பின்னால் போவதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்டால், “கெட்ட காலம் வந்துருச்சு” என்றுதான் சொல்வார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. முழங்கால் ஒன்று திருகிக்கொண்டால் கழகம் கைவிட்டுவிடும். காக்கிச் சட்டை கைவிடாது. ஆனால் அவர் போகாமல் இருந்திருந்தால் தம் ஆட்டத்தின் எல்லையைத் தாமே அறியாமல் போயிருப்பார் என்பதே என் கருத்து.

அடுத்து அவர் ஆடியது பஞ்சாபின் பக்வாராவில் இருந்த ஜே.சி.டி. ஆலை அணிக்கு. பஞ்சாலைச் சங்கு கேட்டு வளர்ந்த நம் மாவட்டத்தாருக்கு இது விளங்கும்: நூலும் துணியும் செய்யும் ஆலை ஒன்று நாட்டின் தலைசிறந்த கால்பந்து அணியை வைத்திருந்தது. 1996-97இல் முதன்முதலாக நடந்த தேசியக் கால்பந்து லீக்கை வென்றது அவ்வணியே. அதில் விஜயனுக்குத் துணையாக முன்களத்தில் ஆடிய இளைஞர் சிக்கிமின் பாய்ச்சுங் பூட்டியா. அந்த ஆலை அணி 2011இல் கலைக்கப்பட்டது.

1997இல் விஜயன் புதிதாகத் தோன்றிய எஃப்.சி. கொச்சின் அணிக்கு வந்தார். அவ்வாண்டே அது டூரண்ட் கோப்பையை வென்றது. அங்கு இன்னொரு விஜயனும் இருந்தார்: தமிழ்நாட்டைச் சேர்ந்த ராமன் விஜயன். 1997-98 லீக்கில் 10 கோல்கள் அடித்து முதலிடம் பெற்றவர் இந்தத் தமிழ்நாட்டு விஜயன்தான். இவரைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை யாராவது எழுதவேண்டும்.

பெல்ஜியத்தின் மார்க் வில்மோட்ஸ் என்ற ஆட்டக்காரரும் 1969இல் பிறந்தவரே. இருவர் வாழ்க்கையையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றியது. அவர் தம் நாட்டுக் கழகங்களில் வளர்ந்து, ஜெர்மனியின் ஷால்கே அணியுடன் 1997இல் யூஈஎஃப்ஏ கோப்பையை வென்று, 2002 உலகக் கோப்பையில் மூன்று கோல்கள் அடித்து, 2003இல் ஓய்வு பெற்று, அவ்வாண்டே தம் நாட்டுச் செனட் சபைக்கும் சென்றார். பெல்ஜியம் கேரளத்தைவிடச் சிறிய நாடு. ஆனால் அங்குச் சிறு பருவத்திலேயே கழகம், பயிற்சி, வாரந்தோறும் லீக் ஆட்டம் எல்லாம் உண்டு. நம் விஜயனுக்குத் தேசிய லீக் என்ற ஒன்று வந்தபோது வயது இருபத்தேழு! ஒரு முன்களக்காரனின் கால்கள் மிகக் கூர்மையாக இருக்கும் வயதில் பாதி அதற்குள் போய்விட்டது. அவரை வெளிநாட்டாரோடு ஒப்பிட்டுக் குறைத்துப் பேசுவோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

நாட்டுக்காக அவர் ஆடியதைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1997இல் காத்மாண்டுவிலும் 1999இல் கோவாவிலும் தெற்காசியக் கோப்பையை வென்ற அணிகளில் இருந்தார். இந்தியாவின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதை மூன்று முறை பெற்றார். 2003இல் ஐதராபாத்தில் நடந்த ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டில் நான்கு கோல்கள் அடித்தார். இறுதியாட்டத்தில் உஸ்பெகிஸ்தானிடம் தோற்றாலும் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. அத்துடன் இந்திய அணியிலிருந்து விடைபெற்றார். அர்ஜுனா விருது கிடைத்ததும் அந்த 2003இல்தான். ஆடி முடித்த பின்! இந்தத் தாமதம் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

கழக ஆட்டமும் முடிந்த பின் அவர் போய்ச் சேர்ந்தது பழைய இடத்துக்கே. கேரளப் போலீஸ் அவரை மீண்டும் ஏற்றுக்கொண்டது. 2025 சனவரியில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில், மலப்புரத்தில் உள்ள மலபார் சிறப்புப் போலீஸ் படையின் அதிகாரியாக, அந்தக் காக்கிச் சட்டையிலேயே பணி ஓய்வு பெற்றார்.