தாளிப்புக்கு முன்பே வெந்த பருப்பு

சாம்பார் மணக்கிறது என்கிறவர் பெரும்பாலும் தாளிப்பைத்தான் சொல்கிறார். ஆனால் பருப்பு வேகாமல், புளியின் பச்சை வாசனை போகாமல் கடுகு வெடித்து என்ன பயன்? சமையல் தெரிந்தவர் அடுப்படிக்குள் நுழைந்ததும் எது தயார், என்ன குறைகிறது என்றுதான் முதலில் பார்ப்பார். செஸ் பலகையில் வெற்றி தரும் காம்பினேஷனைக் கண்டுபிடிப்பதும் இப்படித்தான். ராணியைப் பலி கொடுக்கும் அந்த ஒரு நகர்த்தலைத்தான் ஊர் பேசும். அது தாளிப்பு.

1858-ல் பாரிஸ் ஆப்பரா அரங்கில் பால் மார்ஃபி ஆடிய ஆட்டத்தைப் பார்ப்போம். நியூ ஆர்லியன்ஸ்காரரான அவருக்கு அப்போது வயது 21. எதிரில் பிரன்ஸ்விக் கோமகனும் இசுவார் பிரபுவும் சேர்ந்து கறுப்பு ஆடினார்கள். மார்ஃபி 10-வது நகர்த்தலில் இரண்டு சிப்பாய்களுக்காகக் குதிரையைக் கொடுத்தார். 13-வதில் ஒரு யானையை இறக்கி டி7 குதிரையை வெட்டினார். அந்த யானை வெட்டுப்பட, மற்றது உடனே டி1-க்கு வந்தது.

15 நகர்த்தல் முடிந்த நிலை இது. வெள்ளை ராணி பி3-ல், யானை டி1-ல், பிஷப் ஜி5-ல். கறுப்பு ராஜா இன்னும் காஸ்லிங் செய்யாமல் இ8-லேயே நிற்கிறார். கறுப்பு ராணி இ6-ல், மற்றொரு குதிரை டி7-ல். எஃப்8 பிஷப்பும் எச்8 யானையும் ஆட்டம் தொடங்கியதிலிருந்து அசையவே இல்லை. கறுப்பிடம் காய்கள் அதிகம்தான். சண்டை நடக்கும் இடத்தில் அவை இல்லை.

இனி பின்னாலிருந்து யோசிக்க வேண்டும். வெள்ளை யானை டி8-ல் இருந்தால் என்ன ஆகும்? ராஜா அதை வெட்ட முடியாது, ஜி5 பிஷப் காக்கிறது. இ7-க்கு ஓட முடியாது, அங்கேயும் அதே பிஷப்பின் பார்வை. டி7 கட்டம் யானையின் வழியில் இருக்கிறது. எஃப்7-ல் சொந்தச் சிப்பாய். ஆக, மேட். பருப்பு வெந்துவிட்டது. குறைவது ஒன்றுதான்: வழியை மறிக்கும் டி7 குதிரை விலக வேண்டும்.

அதை எப்படி விலக்குவது? அந்தக் குதிரையைத் தவிர வேறு எதனாலும் பதில் சொல்ல முடியாத ஒரு செக் வேண்டும். ராணி பி8-க்குப் போகிறது. ராஜாவுக்கு நகர இடமில்லை. இடையில் புகுந்து மறைக்கவும் ஆளில்லை. கறுப்பு ராணி சி8-க்கு வர நினைத்தாலும் அதன் வழியில் நிற்பது அதே குதிரை. வேறு வழியின்றிக் குதிரை ராணியை வெட்டுகிறது. யானை டி8. மேட். 17 நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. வெள்ளையிடம் சிப்பாய்களையும் ராஜாவையும் தவிர மிஞ்சியது ஒரு யானையும் ஒரு பிஷப்பும்தான்.

‘இரண்டு நகர்த்தலில் மேட்’ என்று தலைப்பிட்டே புதிர் கொடுக்கும் புத்தகங்கள் பாதி வேலையைப் பறித்துக்கொள்கின்றன என்பது என் எண்ணம். நிஜ ஆட்டத்தில் யாரும் காதில் வந்து சொல்வதில்லை. நடுவில் மாட்டிய ராஜா, வீட்டைவிட்டு வராத காய்கள், தனியாகக் காவல் நிற்கும் ஒரே காய் ஆகியவற்றை நாமேதான் கவனிக்க வேண்டும்.

இந்த நிலையைப் பலகையில் அடுக்கி, ஜி5 பிஷப்பை மட்டும் இ3-க்கு மாற்றிப் பாருங்கள். அதே ராணிப் பலி, அதே செக், குதிரை வெட்டுகிறது, யானை டி8-க்கு வருகிறது. ராஜா நிம்மதியாக யானையை வெட்டிவிடுவார்.