அன்னையின் கணக்கில் மகனின் பெயர்

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில், மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகளைக் கடந்து செல்பவர் நூறு கெஜ தூரத்திற்குள் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளையேனும் கேட்பார். தமிழர் இங்கே குடியேறியது நேற்று இன்றன்று. அருகிலுள்ள ஃபோர்ட் கொச்சியில் துணி வெளுக்கும் துறையில் உழைக்கும் குடும்பங்களின் முன்னோர், டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவர்களுக்குப் பின்னர் வணிகத்தின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் வந்தவர் பலர். நான் உத்தியோகத்தின் பொருட்டு வந்தவன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன்.

இவ்வாறு வெளி மாநிலத்தில் தங்கிவிட்டவர் வீட்டிற்குச் சில ஆண்டுகள் கழித்து ஊரிலிருந்து முதிய தாயோ தந்தையோ வந்து சேர்வது வழக்கம். வருபவர் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு பாஸ் புத்தகமும் கொண்டு வருவார். பெட்டிக்கு வீட்டில் இடம் கிடைத்துவிடும். பாஸ் புத்தகத்தை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. என் தந்தையார் காலமான பின் தென்காசியிலிருந்து என்னிடம் வந்த அன்னையார் விஷயத்திலும் அக்கேள்வி எழுந்தது. அவருக்கு வயது எழுபத்தெட்டு. தபால் இலாகாவில் பணியாற்றிய தந்தையாரின் குடும்ப ஓய்வூதியம் ஒரு கணக்கில் வருகிறது. சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் வேறொரு கணக்கிலும், தவணை டெபாசிட்டுகளிலும் இருக்கிறது. "உன் பேரையும் சேர்த்துவிடப்பா, நான் எத்தனை நாள் படியேறுவேன்?" என்றார் அன்னையார். கேட்பதற்கு மிக எளிய காரியமாகத் தோன்றிற்று.

அது எளிதன்று என்பதை எனக்கு உணர்த்தியது பக்கத்துத் தெருவில் நடந்த ஒரு நிகழ்ச்சி. அங்குள்ள பண்டகசாலை ஒன்றில் கணக்கெழுதும் நண்பர் தம் தந்தையாரோடு பாங்கில் கூட்டுக் கணக்கு வைத்திருந்தார். பாஸ் புத்தகத்தில் இருவர் பெயரும் அச்சாகியிருந்தன. ஒருநாள் தந்தையார் பக்கவாதத்தால் நினைவிழந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். பணம் எடுக்கச் சென்ற மகனுக்கு ஒரு ரூபாயும் கிடைக்கவில்லை. "தந்தையார் உயிரோடிருக்கும் வரை தங்களுக்கு இக்கணக்கில் பணமெடுக்கும் அதிகாரம் இல்லை" என்றார்கள். அவர்கள் சொன்னது சரியே. கணக்கைத் தொடங்கியபோது படிவத்தில் எந்தக் கட்டத்தில் குறியிட்டார்கள் என்பதைத் தந்தையும் கவனிக்கவில்லை, மகனும் கவனிக்கவில்லை.

அந்தக் கட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கூட்டுக் கணக்கு என்பது ஒரே வகைப்பட்டதன்று. கணக்கை யார் இயக்கலாம் என்று பாங்குக்கு நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளையைப் பொறுத்து அது வேறுபடுகிறது. ‘ஈதர் ஆர் சர்வைவர்’ என்று படிவத்தில் காண்பது, இருவரில் எவரேனும் ஒருவர் கையொப்பமிட்டுப் பணம் எடுக்கலாம், ஒருவர் மறைந்தால் மற்றவர் தொடரலாம் என்பதாகும். ‘ஃபார்மர் ஆர் சர்வைவர்’ என்றால், முதற்பெயருக்குரியவர் வாழும் காலமெல்லாம் அவர் மட்டுமே எடுக்கலாம். அவருக்குப் பின்னரே இரண்டாமவருக்குக் கை நீளும். நண்பரின் கணக்கு இந்த வகையைச் சேர்ந்தது. மூன்றாவது வகையில் ஒவ்வொரு முறையும் இருவரும் சேர்ந்தே கையொப்பமிட வேண்டும். முதியவர் ஒருவரின் கை நடுங்கத் தொடங்கிய வீட்டில் இம்மூன்றாவது வகை எவ்வளவு தொல்லை தரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது வகை தீயது என்றும் சொல்வதற்கில்லை. பிள்ளையின் கை தம் பணத்தில் படக்கூடாது என்று எண்ணும் பெற்றோருக்கு அதுவே காவல். ஆனால் அது மரணத்தை எண்ணிச் செய்யும் ஏற்பாடு. நோயை எண்ணிச் செய்வதன்று. முதுமையில் பெரும்பாலும் நோயே முதலில் வருகிறது.

பவர் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டால் போதாதா என்று நேயர்கள் கேட்கலாம். நடமாட இயலாத, ஆனால் அறிவு தெளிந்த பெற்றோருக்கு அது உதவும். ஆயினும் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் மறைந்தாலும் சித்த சுவாதீனம் இழந்தாலும் அந்த அதிகாரம் முடிந்துவிடுகிறது. குடை மழை வரும்போது தானே மடங்கிக்கொள்வது போன்றது இது.

நினைவிழந்தவரின் குடும்பம் பின்னர் எங்கே செல்வது? மட்டாஞ்சேரியிலிருந்து காயலுக்கு அக்கரையில், எர்ணாகுளத்தில், கேரள உயர் நீதிமன்றம் இருக்கிறது. நினைவின்றிக் கிடந்த கணவரின் பாங்குக் கணக்கையும் சொத்தையும் நிர்வகிக்க அதிகாரம் வேண்டி ஒரு மனைவி அங்கே முறையிட்டார். இத்தகைய நிலையிலுள்ளவருக்குக் காப்பாளரை நியமிக்க நேரடியான சட்டம் ஏதும் இல்லை என்பதைக் கண்ட நீதிமன்றம், தன் சிறப்பதிகாரத்தைக் கொண்டு 2019-இல் விரிவான நெறிமுறைகளை வகுத்தது. மருத்துவக் குழு நோயாளியைப் பரிசோதிக்க வேண்டும். தாசில்தார் தரத்திற்குக் குறையாத வருவாய்த் துறை அதிகாரி உண்மைகளை விசாரிக்க வேண்டும். சட்டபூர்வ வாரிசுகள் அனைவரின் விவரமும் தரப்பட வேண்டும். நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்திற்கொரு முறை நீதிமன்றப் பதிவாளரிடம் கணக்குக் காட்ட வேண்டும். 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமும் ஒரு மனைவியை இவ்வாறே காப்பாளராக நியமித்தது. நீதி கிடைத்தது, ஆனால் ஆஸ்பத்திரிச் செலவு நாள்தோறும் ஏறிக்கொண்டிருக்கும் வீட்டார் ரிட் மனுவும் மருத்துவக் குழுவும் கடந்து அதனைப் பெற வேண்டியிருக்கிறது. என் நண்பர் அவ்வழியில் செல்லவில்லை. கைமாற்று வாங்கியும் மனைவியின் வளையல்களை அடகு வைத்தும் சமாளித்தார்.

ஆகவே நாங்கள் முதலாவது வகையைத் தேர்ந்துகொண்டோம். அத்துடன் வேறொரு கேள்வி பிறந்தது. தென்காசியில் எனக்குத் தங்கை ஒருத்தி இருக்கிறாள். கணக்கில் என் பெயர் ஏறியவுடன் அப்பணம் எனக்கு உரியதாகிவிடுமா?

ஆகாது. இதனை நான் மட்டுமின்றி நேயர்கள் ஒவ்வொருவரும் தம் உடன்பிறந்தார் முன்னிலையில் உரக்கச் சொல்லிவிடுதல் நலம். கணவர் ஒருவர் தம் பணத்தைத் தம் பெயரிலும் மனைவி பெயரிலும் சேர்த்து வைத்து, இருவரில் ஒருவருக்கோ எஞ்சியவருக்கோ தரலாம் என்று எழுதியிருந்தார். அவர் இறந்தபின், அவ்வாறு எழுதியதனாலேயே அது மனைவிக்கு அளித்த நன்கொடை ஆகிவிடாது என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1928-இலேயே தீர்ப்பளித்தது. மனைவிக்கே அப்படியென்றால் மகனுக்குச் சொல்ல வேண்டுமா? எஞ்சியவர் பணத்தைக் கேட்டால் பாங்கு கொடுத்துவிடும். அத்துடன் பாங்கின் பொறுப்பு தீர்ந்தது. பெற்றவரின் பொறுப்பு அப்போதுதான் தொடங்குகிறது. பணம் யாருடைய உழைப்பில் வந்ததோ அவருடைய வாரிசுகளுக்கு அவர் கணக்குச் சொல்ல வேண்டியவராவார். நாமினியின் நிலையும் இதுவே. பாங்கு டெபாசிட்டின் நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவரேயன்றி அதற்கு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் தெளிவாக்கியது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் மறையும் ஒரு தாயின் சொந்தப் பணம் கணவருக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமமாகச் சேரும். கிறிஸ்தவர்க்கும் முஸ்லிம்களுக்கும் வாரிசு முறை வேறு. எனினும் கையொப்பமிடும் உரிமை ஒன்று, உடைமை மற்றொன்று என்னும் கொள்கையில் மாற்றமில்லை. இன்னார்க்கே சேரவேண்டும் என்று பெற்றோர் விரும்பினால் அதற்கு வழி உயில் எழுதுவதே.

இதனை அறியாமல் கசந்துபோன குடும்பங்கள் எத்தனையோ. பெயர் சேர்க்கப்பட்ட பிள்ளை ‘எனக்கென்று கொடுத்தார்’ என்பார். சேர்க்கப்படாதவர் ‘ஏமாற்றி எழுதிக்கொண்டான்’ என்பார். இருவரும் தம் மனமறிந்து பொய் சொல்வதில்லை என்பதுதான் வருத்தம். நான் தங்கைக்கு ஒரு கடிதம் எழுதினேன். எந்தப் பாங்கு, எந்தக் கணக்கு, எவ்வளவு தொகை, எதற்காக என் பெயர் சேர்கிறது என்பதெல்லாம் அதில் இருந்தன. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் காகிதம் நிலைத்திருக்கும்.

இனிச் சில நுணுக்கங்கள். மத்திய அரசு ஓய்வூதியம் வரும் கணக்கில் கணவன் அல்லது மனைவியின் பெயரை மட்டுமே சேர்க்கலாம். பிள்ளைகளின் பெயருக்கு அங்கே இடமில்லை. எனவே அன்னையாரின் குடும்ப ஓய்வூதியக் கணக்கு அவர் பெயரிலேயே தனித்து நிற்கிறது. சேமிப்பும் டெபாசிட்டுமே கூட்டாயின.

தவணை டெபாசிட்டில் பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு. முதல் வகைக் கட்டளை இருந்தாலும், தவணை முடியுமுன் பணத்தை எடுக்க இருவர் கையொப்பமும் வேண்டும். ஒருவர் மறைந்துவிட்டால், எஞ்சியவர் முன்கூட்டியே எடுக்கலாம் என்று இருவரும் ஏற்கனவே எழுதிக் கொடுத்திருந்தாலன்றி, மறைந்தவரின் வாரிசுகளும் இசைய வேண்டும். டெபாசிட் போடும்போதே இதற்கென ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் இத்தொல்லை இல்லை. பெற்றோர் பெயரே முதலில் இருக்கட்டும். முதியோருக்குரிய கூடுதல் வட்டி முதற்பெயரைப் பார்த்தே அளிக்கப்படுகிறது. வட்டியின் மீதான வரிப் பிடித்தமும் அப்பெயரிலேயே அமைகிறது.

கூட்டுக் கணக்கிலும் நாமினி வேண்டும். கணக்குதாரர் அனைவரும் மறைந்த பின்னரே நாமினிக்கு வேலை. 2025 நவம்பர் முதல் நாமினியாக நால்வர் வரை குறிப்பிடலாம். பங்கு இவ்வளவு என்று பிரித்தும் எழுதலாம், ஒருவருக்குப் பின் ஒருவர் என்றும் எழுதலாம். மறைந்தவரின் கணக்கைத் தீர்ப்பதற்கு ரிசர்வ் பாங்கு 2025 செப்டம்பரில் புதிய விதிகளை வெளியிட்டது. வேண்டிய பத்திரங்கள் அனைத்தும் வந்து சேர்ந்த 15 நாட்களுக்குள் டெபாசிட் தொகை தரப்பட வேண்டும் என்றும், பாங்கின் தவற்றால் தாமதமானால் நஷ்ட ஈடாக வட்டி சேர்த்துத் தர வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. இவற்றை 2026 மார்ச் 31-க்குள் நடைமுறைக்குக் கொண்டுவருமாறு பாங்குகள் பணிக்கப்பட்டன.

பணத்தின் பத்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேரளத்தில் முதியவர்கள் இன்றும் பாலா சென்ட்ரல் பாங்கின் பெயரைச் சொன்னால் பெருமூச்செறிவர். 1960-இல் அது மூடப்பட்டபோது பல குடும்பங்களின் சேமிப்பு முடங்கிற்று. அதன் எதிரொலியாகவே டெபாசிட் இன்ஷூரன்ஸ் சட்டம் பிறந்து, 1962 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை காப்பு ஏற்பட்டது. 2020 பிப்ரவரி முதல் அது 5 லட்சம் ரூபாய். தனிக் கணக்குக்கும் கூட்டுக் கணக்குக்கும் இக்காப்பு தனித்தனியே உண்டு. பெயர்களின் வரிசை மாறினால் அக்கூட்டுக் கணக்கையும் வேறாகவே கொள்கிறார்கள். பெரிய தொகை வைத்திருப்போர் இதனை நினைவிற் கொள்ளலாம்.

பெயரே சேர்க்க விரும்பாத பெற்றோரும் உண்டு. அவர்களை வற்புறுத்துவது முறையன்று. தம் பணம் தம் கையில் இருக்கிறது என்னும் நினைவே பல முதியோருக்கு ஊன்றுகோல். கையொப்பமிட இயலாதவர் பெருவிரல் ரேகையோ கால்விரல் ரேகையோ வைத்துப் பணம் பெற விதி இடம் தருகிறது. பாங்கு அறிந்த இரு சாட்சிகள் வேண்டும், அவர்களுள் ஒருவர் பாங்கின் பொறுப்புள்ள அலுவலராக இருத்தல் வேண்டும். எழுபது வயதைக் கடந்தவர்க்கு வீட்டிற்கே வந்து பணம் தரும் சேவை பற்றி 2017-இல் ரிசர்வ் பாங்கு அறிவுறுத்தியிருக்கிறது. கேட்டுப் பெற வேண்டும். பிள்ளைகள் கணக்கைத் துடைத்துவிட்டுப் பெற்றோரைக் கைவிடும் கொடுமையும் நடக்கத்தான் செய்கிறது. அத்தகையோர் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் ஜீவனாம்சம் கேட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம். இப்பகுதியினருக்கு அது ஃபோர்ட் கொச்சி வருவாய்க் கோட்ட அதிகாரியிடம் இருக்கிறது.

நாங்கள் பாங்குக்குச் சென்ற நாளில் படிவம் மலையாளம், இந்தி, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளில் இருந்தது. அன்னையார் தமிழ் மட்டுமே படிப்பார். வரிவரியாக மொழிபெயர்த்துச் சொல்வது என் பொறுப்பாயிற்று. இருபது ஆண்டுகளாக அரசாங்கக் கோப்புகளைப் பெயர்த்துவரும் எனக்கு ‘சர்வைவர்’ என்னும் சொல்லில் நா எழவில்லை. ‘எஞ்சியவர்’ என்பதை எழுதுவது எளிது. எதிரே அமர்ந்திருக்கும் தாயிடம் சொல்வது எளிதாக இல்லை. தயங்குவதைக் கண்ட அவர், "யார் முன்னால போனாலும் இன்னொருத்தருக்குன்னுதானே எழுதியிருக்கு? அதைச் சொல்ல ஏன் முழிக்கிறே?" என்றார். பின்னர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதற்பெயர் தம்முடையதுதானா என்று எழுத்தரிடம் சைகையால் கேட்டுத் தெரிந்துகொண்டு, தமிழிலேயே கையொப்பமிட்டார். ஏ.டி.எம். அட்டையை என்னிடம் தரவில்லை. அது இன்றும் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது.